பிள்ளைக்கு 18 முடிந்தால் ஜீவனாம்சம் நின்றுவிடுமா? கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

மகனுக்கு 18 வயது நிரம்பிய மறுமாதமே பணம் போடுவதை நிறுத்திவிட்டு, பிடியாணையோடு போலீஸ் வாசலில் வந்து நின்ற பிறகு வக்கீலைத் தேடி ஓடுகிற அப்பாக்களை கடலூர் கோர்ட்டில் எப்போதும் பார்க்கலாம். "பையன் மேஜர் ஆயிட்டான் சார், இனிமே எதுக்குக் கொடுக்கணும்?" என்பார்கள். கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் அதை மனுவாக எழுதி நீதிபதியிடம் கேட்டிருக்க வேண்டும். தானே கேட்டு, தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டதில்தான் வம்பு. இன்னொரு பக்கம், காலேஜில் இரண்டாம் வருடம் படிக்கிற மகளுக்கு வந்துகொண்டிருந்த பணம் நின்றுபோய், "பதினெட்டு ஆனா அவ்வளவுதானாமே" என்று யாரோ சொன்னதை நம்பி சும்மா இருந்துவிடும் அம்மாக்கள். அவர்கள் வீட்டிலும் வழி இருக்கிறது, அது அம்மாவின் பெயரில் இல்லை, மகளின் பெயரில் இருக்கிறது.

இந்தக் கட்டுரை இரண்டு தரப்புக்கும் சேர்த்துத்தான். வக்கீல் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அவர் முன்னால் போய் உட்காரும்போது எந்தக் காகிதத்தை எடுத்துப் போவது, எதைக் கேட்பது என்று தெரிந்திருந்தால் பாதி அலைச்சல் குறையும்.

ஆர்டர் காப்பியை எடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்

பழைய ஆர்டரை வரிவரியாகப் படிக்காமல் இந்த விஷயத்தில் ஒரு அடி கூட வைக்க முடியாது. பலரிடம் அது இருக்காது, அல்லது எழுத்து மங்கிப்போன ஜெராக்ஸ் மட்டும் இருக்கும். எம்.சி. எண்ணும் (ஜீவனாம்ச வழக்கின் எண்) வருடமும் தெரிந்தால் அதே கோர்ட்டில் நகல் மனு போட்டு சான்றிட்ட நகல் வாங்கலாம். எண் மறந்துபோயிருந்தால் இ-கோர்ட்ஸ் செயலியில் கட்சிக்காரர் பெயரையும் வருடத்தையும் போட்டுத் தேடிப் பாருங்கள். ஒவ்வொரு வழக்குக்கும் 16 எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு சி.என்.ஆர். எண் இருக்கும், கிடைத்ததும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ரொம்பப் பழைய வழக்குகள் செயலியில் வராமல் போகலாம். அப்போது வக்கீல் குமாஸ்தாவைப் பிடிப்பதுதான் வழி, பழைய கட்டு எந்த அலமாரியில் கிடக்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

நகல் கைக்கு வந்ததும் மூன்று விஷயம் பாருங்கள். முதலாவது, எந்தச் சட்டத்தில் போட்ட ஆர்டர். பெரும்பாலும் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125ஆவது பிரிவாக இருக்கும். 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்துக்கு பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டது. ஜீவனாம்சம் கேட்கும் பழைய 125 இப்போது 144, தொகையை மாற்றவோ ரத்து செய்யவோ கேட்கும் பழைய 127 இப்போது 146, ஆர்டரை நிறைவேற்றும் பழைய 128 இப்போது 147. பழைய பிரிவில் வாங்கிய ஆர்டர் செல்லாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது அப்படியே உயிரோடு இருக்கிறது. சிலருக்கு விவாகரத்து வழக்கிலேயே இந்து திருமணச் சட்டம் 26ஆவது பிரிவில் பிள்ளைகளுக்குத் தொகை போட்டிருப்பார்கள், சிலருக்கு குடும்ப வன்முறைச் சட்டத்தில் போட்டிருப்பார்கள். மாற்றம் கேட்கும் வழி சட்டத்துக்குச் சட்டம் வேறு.

இரண்டாவது, தொகையைப் பிரித்திருக்கிறார்களா. "மனைவிக்கு இவ்வளவு, முதல் பிள்ளைக்கு இவ்வளவு" என்று தனித்தனியாக இருந்தால் கணக்கு எளிது. "மனுதாரர்கள் மூவருக்கும் சேர்த்து மாதம் 10,000" என்று மொத்தமாக இருந்தால், மூன்றில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்ளலாம் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். அந்தப் பத்தாயிரத்தில் மகனுடைய பங்கு எவ்வளவு என்று கோர்ட்தான் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, எதுவரை. "மேஜர் ஆகும் வரை", "திருமணம் ஆகும் வரை", "மறு உத்தரவு வரும் வரை" என்று ஏதாவது ஒரு சொற்றொடர் இருக்கும், அல்லது எதுவுமே இருக்காது. மேஜர் ஆகும் வரை என்று எழுதியிருந்தால் அந்தப் பங்கு அந்த நாளோடு முடிகிறது. மற்ற மூன்றிலும் மனு போட்டுத்தான் ஆக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மகன், மகள், இயலாத பிள்ளை

18 வயது என்பது 1875ஆம் வருட வயது நிறைவுச் சட்டத்திலிருந்து வருகிறது. பிறந்தநாள் தொடங்கும்போதே அந்த வயது நிறைந்துவிடுகிறது. பழைய 125ஆவது பிரிவு பேசுவது மைனர் பிள்ளைகளைப் பற்றி. அமரேந்திர குமார் பால் வழக்கில் 2009இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது: பிள்ளைகள் மேஜர் ஆனதும் அந்தப் பிரிவு அவர்களுக்குப் பொருந்தாது.

ஆக, உடம்பும் மனசும் நன்றாக இருக்கும் மகனுக்கு 18 என்பது கோடு. அவன் இன்ஜினியரிங் முதல் வருடம் சேர்ந்திருந்தாலும் இந்தப் பிரிவில் அதற்கு மேல் கேட்பது கஷ்டம். இது எனக்குச் சரியாகப் படவில்லை. பிளஸ் டூ முடிக்கும்போதே 18 ஆகிவிடுகிறது, செலவு அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஆனால் சட்டம் இப்படித்தான் இருக்கிறது. ஒரு விதிவிலக்கு: பரஸ்பர சம்மத விவாகரத்திலோ ராஜி ஒப்பந்தத்திலோ "டிகிரி முடிக்கும் வரை படிப்புச் செலவை அப்பா ஏற்கிறார்" என்று எழுதி கோர்ட் அதைப் பதிவு செய்திருந்தால், அந்த வாக்கு அவரைக் கட்டும். அதனால்தான் பழைய காகிதங்களை எல்லாம் தேடச் சொல்கிறேன்.

மகள் விஷயம் வேறு. 1956ஆம் வருட இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின் 20ஆவது பிரிவு, 3ஆவது உட்பிரிவு: திருமணம் ஆகாத மகள், தன் சம்பாத்தியத்தாலோ சொத்தாலோ தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியாத வரை, பெற்றவர்கள் அவளைப் பராமரிக்கக் கடமைப்பட்டவர்கள். வயது வரம்பு இல்லை. இங்கே 'பெற்றவர்கள்' என்றால் அப்பா மட்டும் அல்ல, சம்பாதிக்கும் அம்மாவுக்கும் அந்தக் கடமை உண்டு. அதே சட்டத்தில் ஜீவனாம்சம் என்பதற்குள் திருமணமாகாத மகளின் நியாயமான கல்யாணச் செலவும் அடங்கும். இந்த வரியை நிறையப் பேர் கவனிப்பதே இல்லை.

இங்கேதான் 2020 செப்டம்பரில் வந்த அபிலாஷா வழக்கின் தீர்ப்பு முக்கியமாகிறது. மூன்று நீதிபதிகள் அமர்வு. 125ஆவது பிரிவில் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போன மகள், 18க்கு மேலும் வேண்டும் என்று கேட்டாள். உடலோ மனமோ இயலாத நிலை இல்லாதபோது 125இல் அது கிடைக்காது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. கூடவே, 1956 சட்டத்தின் 20ஆவது பிரிவில் அவள் தனியாகக் கேட்கலாம் என்று வழியையும் திறந்துவைத்தது. மாஜிஸ்திரேட்டுக்கு அந்த 20ஆவது பிரிவு அதிகாரம் கிடையாது. குடும்ப நல நீதிமன்றத்துக்கு இரண்டு அதிகாரமும் உண்டு. எனவே சிதம்பரத்திலோ விருத்தாசலத்திலோ மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ஆர்டர் வாங்கிய குடும்பம், மகளுக்கு 18 ஆன பிறகு அங்கேயே திரும்பத் திரும்ப வாய்தாவுக்குப் போய்க்கொண்டிருப்பதில் பயன் குறைவு. குடும்ப நல நீதிமன்றத்தில், அந்த இடத்துக்கு அது இல்லாவிட்டால் உரிமையியல் நீதிமன்றத்தில், மகள் புதிதாகக் கேட்க வேண்டும்.

1956 சட்டம் இந்துக்களுக்கு மட்டும். பரங்கிப்பேட்டை, லால்பேட்டைப் பக்கத்து இஸ்லாமியக் குடும்பங்கள் 1997இல் நூர் சபா காத்தூன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை வக்கீலிடம் கேட்கலாம். பிள்ளைகள் மேஜர் ஆகும் வரை அல்லது தங்களைப் பார்த்துக்கொள்ளும் வரை, மகளானால் கல்யாணம் ஆகும் வரை, வசதியுள்ள தகப்பன் பராமரிக்க வேண்டும் என்பது அதன் சாரம். கிறிஸ்தவர்களுக்கு 1869ஆம் வருட விவாகரத்துச் சட்டம் மைனர் பிள்ளைகளைப் பற்றி மட்டும்தான் பேசுகிறது. வயது வந்த மகளுக்காக அவர்கள் கேட்பது சட்டப்படி சற்றுக் கடினமான பாதை.

மூன்றாவது, உடலாலோ மனதாலோ இயலாத பிள்ளை. மகனோ மகளோ, 18 ஆனாலும் 28 ஆனாலும், அந்தக் காரணத்தால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியாது என்றால் 125ஆவது பிரிவே தொடர்கிறது. கல்யாணமான மகளுக்கு மட்டும் இது பொருந்தாது. இப்படிப்பட்ட வீட்டில் அப்பா "வயசு ஆயிடுச்சு" என்று மனு போட்டால், மருத்துவக் குழு கொடுத்த மாற்றுத்திறனாளி சான்றும் சிகிச்சைக் காகிதங்களும்தான் பதில். ஒரு சிக்கல் இங்கே வரும்: மேஜர் ஆன பிள்ளையின் சார்பில் அம்மா இனி எந்த உரிமையில் கையெழுத்துப் போடுவார்? அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், பல்வகைக் குறைபாடு என்றால் 1999ஆம் வருட தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் இருக்கும் உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்து சட்டப்பூர்வப் பாதுகாவலர் சான்று வாங்கலாம். கலெக்டர் அலுவலகத்தில் மாற்றுத்திறனாளிகள் நலப் பிரிவில் கேளுங்கள். பிள்ளைக்கு 18 ஆவதற்குள்ளேயே விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது.

பணத்தைத் தானாக நிறுத்தினால் என்ன ஆகும்

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கற்பனைக் குடும்பம்தான். 2015இல் ஆர்டர்: மனைவிக்கு 4,000, மகனுக்கு 2,500, மகளுக்கு 2,500, மொத்தம் மாதம் 9,000. 2025 ஜூனில் மகனுக்கு 18 ஆகிறது. மகளுக்கு 15. அப்பா நெல்லிக்குப்பத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். ஜூலையிலிருந்து மொத்தத்தையும் நிறுத்திவிடுகிறார். 2026 மார்ச்சில் அம்மா பாக்கிக்காக மனு போடுகிறார். ஒன்பது மாதம், 81,000 ரூபாய். இதில் மகன் பங்கு 22,500. அதைப் பற்றி அப்பா வாதாடலாம், ஜெயிக்கவும் செய்யலாம். மீதி 58,500க்கு அவரிடம் பதிலே இல்லை. மனைவி பங்கும் மைனர் மகள் பங்கும் யாரும் தொடாமல் அப்படியே நிற்கின்றன. மகனுக்கு வயதானதைக் காரணமாகச் சொல்லி மூன்று பேர் பணத்தை நிறுத்தியவரை நீதிபதி எந்த முகத்தோடு பார்ப்பார் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அவர் ஜூலையிலேயே மகன் பங்குக்கு மட்டும் மனுவைப் போட்டுவிட்டு மாதம் 6,500ஐயாவது விடாமல் வங்கியில் போட்டுவந்திருந்தால், பேச்சு 22,500 ரூபாயைச் சுற்றி மட்டும் இருந்திருக்கும். முழு 9,000ஐயும் போட்டுக்கொண்டே மனு நடத்தியிருந்தால் அந்தப் பேச்சும் இருந்திருக்காது. இதில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: கூடுதலாகக் கொடுத்துவிட்ட பணம் திரும்பி வருவது அரிது, அதனால் மனுவைத் தள்ளிப்போடுவது அப்பாவுக்குத்தான் நஷ்டம்.

பாக்கி விழுந்தால் கோர்ட் முதலில் அபராதம் வசூலிப்பது போல வாரண்ட் அனுப்பலாம். அப்புறமும் கொடுக்காவிட்டால் ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறை என்கிறது சட்டம். "உள்ளே போய் வந்துட்டா கணக்குத் தீந்துடும்" என்று ஒரு நம்பிக்கை ஊரில் இருக்கிறது. தீராது. சிறைக்குப் போனாலும் பாக்கி பாக்கிதான் என்று 1989லேயே குல்தீப் கவுர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இன்னொரு நம்பிக்கை, ஒரு வருடம் தாண்டிவிட்டால் பாக்கியைக் கேட்க முடியாது என்பது. பணம் கொடுக்க வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனு போட்டால்தான் இந்த வாரண்ட் வழி கிடைக்கும், அது உண்மை. ஆனால் தமிழ்நாட்டிலிருந்து போன பூங்கொடி வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது: அந்த ஒரு வருடம் வாரண்ட் என்ற முறைக்கு மட்டும்தான் வரம்பு, பாக்கியைப் பெறும் உரிமையை அது அழிக்காது. அம்மாக்கள் கவனிக்க வேண்டியது, வருடம் தாண்ட விடாமல் மனு போட்டுவிடுவது. வாரண்ட்தான் வேகமான ஆயுதம்.

தொகையைக் குறைக்க, ரத்து செய்யக் கேட்கும் மனு

இதை எந்தக் கோர்ட் ஆர்டர் போட்டதோ அதே கோர்ட்டில் போடுவதுதான் வழக்கம். பழைய 127, இப்போதைய 146. சூழ்நிலை மாறிவிட்டது என்று காட்டினால் கோர்ட் தொகையை மாற்றலாம், ரத்தும் செய்யலாம். பிள்ளைக்கு வயது நிறைந்தது ஒரு மாற்றம். மகளுக்கு வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது, அப்பா ரிட்டயர் ஆனது, உடல்நிலை மோசமானது, இவையும் மாற்றங்கள்தான்.

மனுவில் கோரிக்கையை மிகக் குறுகலாக எழுதச் சொல்லுங்கள். "எம்.சி. எண் இன்னதில் இரண்டாம் மனுதாரரான மகனுக்கு உத்தரவிட்ட மாதம் 2,500ஐ மட்டும், அவர் மேஜர் ஆன இந்தத் தேதியிலிருந்து ரத்து செய்ய வேண்டும்." அவ்வளவுதான். கோபத்தில் பழைய கல்யாணக் கதை முழுவதையும் எழுதி, மனைவி தொகையையும் சேர்த்து ரத்து கேட்டு, எளிதாக முடிய வேண்டிய மனுவை இரண்டு மூன்று வருடத்துக்கு இழுத்துக்கொள்பவர்கள் உண்டு. அந்தத் தரப்பும் சும்மா இருக்காது. "சரி, விலைவாசி ஏறியிருக்கிறது, எங்களுக்குத் தொகையை உயர்த்துங்கள்" என்று அதே பிரிவில் எதிர்மனு போடுவார்கள். 2015இல் போட்ட 4,000 ரூபாய் இன்றைக்குப் போதாது என்று எந்த நீதிபதிக்கும் விளக்க வேண்டியதில்லை. மகன் பங்கில் 2,500 மிச்சம் பிடிக்கப் போய் மனைவி பங்கில் 3,000 கூடிய கதையும் நடக்கக்கூடியதுதான்.

கூட வைக்க வேண்டியவை: ஆர்டரின் சான்றிட்ட நகல், பிள்ளையின் பிறப்புச் சான்று, அது இல்லாவிட்டால் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் அல்லது பள்ளி மாற்றுச் சான்று, இதுவரை பணம் கட்டியதற்கான வங்கிக் கணக்கு விவரம், மணியார்டர் ரசீது. கையில் கொடுத்த பணத்துக்குச் சாட்சி இல்லை என்றால் கொடுக்காத பணம் என்றே ஆகிவிடும். இனியாவது வங்கி வழியாக மட்டும் போடுங்கள், குறிப்பில் எந்த மாதத்துக்கு என்று எழுதுங்கள். கட்டிய தேதி, தொகை, பாக்கி என்று ஒரு பக்கத்துக் கணக்கு அட்டவணை போட்டுக் கொடுத்தால் வக்கீலே சந்தோஷப்படுவார்.

2020 நவம்பரில் ரஜ்னேஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு படிவத்தைக் கட்டாயமாக்கியது. ஜீவனாம்ச வழக்கில் இரண்டு தரப்பும் வருமானம், சொத்து, கடன் விவரங்களை உறுதிமொழிப் பத்திரமாகத் தர வேண்டும். சம்பளச் சீட்டு, வருமான வரிக் கணக்கு, வங்கிக் கணக்கு என்று நீளமாகக் கேட்கும். மகளுக்குக் கொடுக்க வசதி இல்லை என்று சொல்லும் அப்பாவுக்கும், எனக்கு வருமானமே இல்லை என்று சொல்லும் மகளுக்கும் இதுதான் சோதனை. பொய் எழுதினால் அது தனிக் குற்றமாகப் போகும்.

சம்பளத்திலேயே பிடித்தம் செய்யும் ஆர்டராக இருந்தால், கோர்ட் உத்தரவு கைக்குப் போகாமல் எந்த அலுவலகக் கணக்குப் பிரிவும் பிடித்தத்தை நிறுத்தாது. பிறப்புச் சான்றைக் காட்டி நெய்வேலியிலோ வேறெங்கோ அலுவலகத்தில் வாதாடிப் பயனில்லை.

நோட்டீஸ் மகள் வீட்டுக்கு வந்தால்

அப்பா மனு போட்டு நோட்டீஸ் வந்துவிட்டது. முதல் விதி, வாங்குங்கள். வாங்காமல் திருப்பி அனுப்பினால் எக்ஸ்பார்ட்டி ஆகிவிடும், அதாவது உங்கள் தரப்பைக் கேட்காமலே ஆர்டர் போட்டுவிடுவார்கள். அப்படி ஆகிப்போனால் மூன்று மாதத்துக்குள் தக்க காரணம் காட்டி அதை நீக்கக் கேட்கலாம், ஆனால் அது வேண்டாத அலைச்சல்.

இரண்டாவது, மகள் இப்போது மேஜர். இதுவரை அம்மா "மைனருக்காகத் தாயாரும் காப்பாளரும்" என்று கையெழுத்துப் போட்டார். இனி வக்காலத்தில் மகள்தான் கையெழுத்துப் போட வேண்டும், பணமும் அவள் பெயரில் உள்ள கணக்குக்கு வருவது நல்லது. இதை வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். சில பிள்ளைகளுக்கு அப்பா மீது வழக்குப் போடவே மனம் வராது. சிலர் அப்பாவோடு பேசிக்கொண்டிருப்பார்கள், அம்மாவுக்குத் தெரியாது. அவள் பெயரில் நடக்கும் வழக்கில் அவளைக் கேட்காமல் அடுத்த படி வைக்காதீர்கள்.

மூன்றாவது, பதில் உரையோடு நிற்காமல் 1956 சட்டத்தின் 20ஆவது பிரிவில் மகளின் மனுவையும் தயார் செய்யுங்கள். இந்த இரண்டும் ஒரே குடும்ப நல நீதிமன்றத்தில் இருந்தால் வசதி. அவள் நிரூபிக்க வேண்டியது இரண்டே விஷயம்: கல்யாணம் ஆகவில்லை, தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ள வருமானமோ சொத்தோ இல்லை. கல்லூரி போனஃபைட் சான்று, கட்டண ரசீது, விடுதி, மெஸ், பஸ் பாஸ், தேர்வுக் கட்டணம், வங்கிக் கணக்கின் ஒரு வருடப் பக்கங்கள். கேட்கும் தொகை இந்த ரசீதுகளின் கூட்டலோடு ஒத்துப்போக வேண்டும். ரசீது 6,000 காட்டும்போது 25,000 கேட்டால் மொத்தக் கணக்கையும் சந்தேகத்தோடு பார்ப்பார்கள்.

அரசுப் பள்ளியில் படித்து கல்லூரிக்குப் போன பெண்களுக்கு புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. "அவளுக்கு வருமானம் இருக்கிறதே" என்று எதிர்த்தரப்பு இதைக் கிளப்பக்கூடும். மறைக்காமல் நீங்களே முதலில் பத்திரத்தில் எழுதிவிடுங்கள். ஆயிரம் ரூபாயில் ஒரு பெண் சாப்பிட்டு, தங்கி, படிக்க முடியுமா என்று கோர்ட்டே பார்த்துக்கொள்ளும். விடுமுறையில் துணிக்கடையில் நின்று வாங்கிய சம்பளமும் அப்படித்தான். நிரந்தர வேலைக்குச் சேர்ந்து மாதச் சம்பளம் வாங்கினால் கதை வேறு, அப்போது கேட்காமல் இருப்பதுதான் மரியாதை.

2025 ஜனவரியில் ஒரு விவாகரத்து வழக்கில், அப்பா கொடுத்த 43 லட்ச ரூபாய் படிப்புச் செலவை மகள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கப் பார்த்தாள். படிப்புச் செலவைப் பெற்றோரிடம் பெறுவது மகளுக்குச் சட்டப்படி உள்ள உரிமை, அதை அவள் வைத்துக்கொள்ளலாம் என்றது உச்ச நீதிமன்றம். தொகை நம் ஊர்க் கணக்குக்கு ரொம்பப் பெரிது. ஆனால் படிப்பைப் பற்றி அங்கே சொன்னது வாதத்துக்கு உதவும்.

வக்கீலுக்குப் பணம் இல்லை என்றால், மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு, 1987ஆம் வருடச் சட்டம் அப்படிச் சொல்கிறது. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம். அரசு கொடுக்கும் வக்கீல் என்றால் ஏனோதானோ என்று இருப்பார் என்ற எண்ணம் எல்லா நேரமும் சரியில்லை. வழக்குக் காகிதங்களை நீங்கள் அடுக்கிக்கொண்டு போனால் அவரும் அக்கறை காட்டுவார்.

புதுச்சேரிப் பக்கம்

புதுச்சேரி கோர்ட் வளாகம் இருப்பதே கடலூர் சாலையில்தான். பெண் வீடு கடலூர், பையன் வீடு பாகூர் அல்லது அரியாங்குப்பம் என்று கொடுத்து வாங்குவது இங்கே சகஜம். அதனால் ஆர்டர் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம் என்றாகிவிடும். அதற்காக வழக்கை மறுபடி ஆரம்பிக்க வேண்டாம். ஆள் இருக்கும் இடத்து மாஜிஸ்திரேட் கோர்ட்டிலும் அந்த ஆர்டரை நிறைவேற்றக் கேட்கலாம், பழைய 128, இப்போதைய 147, அதற்குத்தான். ஆனால் பிடியாணை தமிழ்நாட்டுப் போலீஸ் கையிலிருந்து புதுச்சேரிப் போலீஸ் கைக்குப் போகும்போது தாமதமாகும், அதை எதிர்பார்த்து வாய்தாவுக்கு முன்பே விசாரித்துக்கொண்டிருங்கள். இரண்டு ஊருக்கும் மேலே இருப்பது ஒரே சென்னை உயர் நீதிமன்றம்.

புதுச்சேரியில் மட்டும் வரும் ஒரு கேள்வி: உங்கள் குடும்பம் ரெனோன்சான் குடும்பமா? பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில், 1881ஆம் வருட ஆணைப்படி தங்கள் சொந்தச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றுக்கொண்டவர்களின் வழிவந்தவர்கள். அவர்களுக்கு 1956 சட்டம் பொருந்தாது, புதுச்சேரிக்கான திருத்தத்திலேயே அது எழுதியிருக்கிறது. அப்படிப்பட்ட வீட்டில் மகளுக்காக 20ஆவது பிரிவில் மனு போட்டால் முதல் வாய்தாவிலேயே ஆட்சேபம் வரும். பழைய 125, அதாவது இன்றைய 144, சாதி மதம் பார்க்காதது, அது எல்லாருக்கும் உண்டு. பிரான்ஸ் கோர்ட் போட்ட ஆர்டர் இருக்கும் குடும்பங்களில் "பிள்ளைக்கு 18 ஆச்சே" என்று நிறுத்துவது இன்னும் பெரிய தவறு. பிரெஞ்சு சிவில் சட்டம் 371-2ஆவது பிரிவில், பிள்ளை மேஜர் ஆனதால் மட்டும் பெற்றோரின் கடமை தானாக முடியாது என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. இரண்டு சட்டமும் பழகிய வக்கீல்கள் புதுச்சேரியில் உண்டு, அவர்களிடமே போங்கள்.

ராஜி பேசினால்

குடும்ப நல நீதிமன்றம் முதலில் சமாதானத்துக்குத்தான் அனுப்பும். வயது வந்த பிள்ளைகள் வழக்கில் அது நல்ல வாய்ப்பு என்பேன். கணவன் மனைவி சண்டை பழசாகிப்போயிருக்கும், மிச்சம் இருப்பது ஒரு பெண்ணின் படிப்பு மட்டும். மாதத் தொகைக்குப் பதிலாக அப்பாவே நேராகக் கல்லூரிக்குக் கட்டணம் கட்டுவது, படிப்பு முடியும் மாதத்தை முடிவு தேதியாகக் குறிப்பது, கல்யாணத்துக்கு ஒரு தொகையை மகள் பெயரில் வைப்பு வைப்பது என்று எத்தனையோ விதமாகப் பேசலாம். அப்பாவுக்குக் கொடுப்பது எங்கே போகிறது என்ற குறை தீரும்.

பேசியதை வெறும் பத்து ரூபாய்ப் பத்திரத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். அதை மெமோவாகக் கோர்ட்டில் தாக்கல் செய்து உத்தரவாக்குங்கள், அல்லது மக்கள் நீதிமன்றத்தில் பதிவு செய்யுங்கள். மக்கள் நீதிமன்றத் தீர்ப்புக்கு சிவில் கோர்ட் டிக்ரியின் பலம் உண்டு. முக்கியமாக, மேஜர் ஆன மகள் அந்த ராஜியில் தானே கையெழுத்திட வேண்டும். "மகளுக்கு எதுவும் வேண்டாம்" என்று அம்மா மட்டும் எழுதிக் கொடுத்ததை வைத்து, பிற்பாடு மகள் கேட்கும்போது தப்பித்துக்கொள்ள முடியும் என்று அப்பா நினைக்கக் கூடாது.

ஆர்டர் வந்த பிறகு

ஆர்டர் சாதகமாக வந்தாலும் பாதகமாக வந்தாலும் அன்றைக்கே நகல் மனு போடுங்கள். மாஜிஸ்திரேட் கோர்ட் ஆர்டர் என்றால் செஷன்ஸ் கோர்ட்டில் சீராய்வு. குடும்ப நல நீதிமன்றம் ஜீவனாம்சப் பிரிவில் போட்ட ஆர்டர் என்றால் அப்பீல் கிடையாது, உயர் நீதிமன்றத்தில் சீராய்வுதான். அதற்கு 90 நாள். நகல் வாங்க ஆன நாட்களை அதில் கழிப்பார்கள், அதற்காகத்தான் நகல் மனுவைத் தள்ளிப்போடக் கூடாது என்பது.

மகன் பங்கு ரத்தாகியிருந்தால் எந்தத் தேதியிலிருந்து என்று பாருங்கள், அந்தத் தேதிக்கு முந்தைய பாக்கியை முதலில் கட்டி முடியுங்கள். சம்பளப் பிடித்தம் இருந்தால் சான்றிட்ட நகலோடு ஒரு கடிதம் எழுதி அலுவலகக் கணக்குப் பிரிவில் கொடுத்து, இன்னொரு பிரதியில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். வங்கியில் தானாகப் போகும் தொகையை மொத்தமாக நிறுத்திவிடாமல், புதுத் தொகைக்கு மாற்றிப் பதிவு செய்யுங்கள். மனைவி பங்கும் மைனர் பிள்ளை பங்கும் அடுத்த மாதமும் அதே தேதியில் போய்ச் சேர வேண்டும்.